பியானோவுக்குள் வைக்கோல்

புதுச்சேரியிலிருந்து பாகூருக்குக் கரும்பு வண்டியில் பியானோ போனால் என்ன ஆகும் என்று இன்று தெரிந்துகொண்டேன். அதுவும் பிரெஞ்சுத் துரை வீட்டு இரவல் பியானோ.

பள்ளிக்கூட வாசலில் ஊரே கூடியிருந்தது. மூன்று மாதமாக நான் பழக்கிய பிள்ளைகள் பாடத் தயாராக நின்றார்கள். கட்டையை அழுத்தினேன். சத்தமே வரவில்லை!

வண்டிக்காரர் கோவிந்தன் பெருமையாகச் சொன்னார்: "வழி நெடுக கத்திக்கினே வந்துச்சும்மா. மாடு மிரளுது. அதான் மூடியத் தொறந்து நல்லா வைக்கோல அடைச்சிட்டேன்."

"இன்னாய்யா பண்ணி வச்சிருக்கீங்க!" என்று ஊர் பார்க்கக் கத்திவிட்டேன்.

பிள்ளைகளும் நானுமாகக் உள்ளே கை விட்டு வைக்கோலையெல்லாம் உருவினோம். நல்லவேளை, ஒரு கம்பியும் அறுந்திருக்கவில்லை.

பிள்ளைகள் அருமையாகப் பாடினார்கள். ஆனால் மூன்றாம் பாட்டிலேயே பெரியவர்கள் ஒவ்வொருவராக நடவு பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். கடைசி வரை தலையாட்டிக்கொண்டு நின்றவை வண்டி மாடுகள் இரண்டும்தான்.

"பாத்தீங்களா, பாட்டு புடிச்சுப் போச்சு, இப்ப மிரளவே இல்ல," என்றார் கோவிந்தன்.

உருவிய வைக்கோல் முழுவதும் அவற்றின் முன்னால்தான் கிடந்தது.

கச்சேரி செய்யும் நண்பர்களே, கூட்டத்தைக் கடைசி வரை உட்காரவைக்க நீங்கள் என்ன போடுகிறீர்கள்?