சபா அண்ணையின் வலது பெடல்

பொன்னுத்துரை வந்து படலையைத் தட்டியபோது நான் முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு, சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். "சபா அண்ணை முடிஞ்சார்" என்றார். இப்படி ஒரு சாவுச் செய்தி வந்தால் நல்ல வளர்ப்பில் வளர்ந்தவர்கள் "ஐயோ" என்பார்கள், "எப்ப?" என்பார்கள். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"முழங்கால் என்ன சொன்னதாம்?"

பொன்னுத்துரை கோபிக்கவில்லை. சபா அண்ணையின் மனைவி மணி அக்காவிடம் அவரும் முதலில் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். "நேற்றுத் தொடக்கம் நோகேல்லையாம். ரெண்டு காலும்" என்றார். பிறகு இரண்டு பேருமாக வானத்தைப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஒரு காகம்கூட இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில் இந்த நினைவுப் புத்தகத்தை, இந்தக் கல்வெட்டைக் கையில் வாங்கப்போகிற உங்களுக்கு, அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று விளங்கும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு விளங்காது. பதிகம், ஒப்பாரி எல்லாம் முன்பக்கங்களில் இருக்கின்றன. எனக்குத் தந்த இடத்தில், பள்ளிக்கூடக் கொப்பிக் கடதாசியானாலும், அந்த முழங்காலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

சபா அண்ணையும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே கந்தோரில் வேலை. சண்டையால் பஸ் நின்றுபோன காலத்திலிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் சைக்கிள் உழக்கினோம். கோப்பாயில் ஏறினால் இருபாலை, கல்வியங்காடு, நல்லூர், பிறகு பட்டணம். வழி முழுக்க நான் கதைப்பேன், அவர் கேட்பார். எதிர்க்காற்றில் வாயைத் திறந்தால் பூச்சி போகும் என்று எல்லோரும் மூடிக்கொண்டு போகிற இடத்தில்கூட நான் மூடியதில்லை. "உமக்குச் சங்கிலிக்கு எண்ணெய் விடவேணும், வாய்க்குத் தேவையில்லை" என்பார்.

அவருடைய வலது பாதம் பிறவியிலேயே வெளிப்பக்கம் பார்க்கும். நிற்கும்போது ஒரு கால் பட்டணத்துக்கும் மற்றக் கால் மானிப்பாய்க்கும் புறப்பட்ட மாதிரி இருக்கும். தேய்ந்த றப்பர்க் கட்டைப் பெடலில் அந்தக் காலை வைத்து வருடக்கணக்காக உழக்கினால் முழங்கால் என்ன செய்யும்? நொந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. நோவுக்கு ஒழுங்கு வந்ததுதான் அதிசயம்.

ஒருநாள் காலை இருபாலைச் சந்தியில் பிறேக் பிடித்து இறங்கிவிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"போனது காணும், வலது முழங்கால் கத்துது. திரும்புவம்."

"லீவு போட முழங்கால் ஒரு சாட்டோ அண்ணை? எனக்கு வயித்துக்குத்து எண்டு சொல்லுங்கோ, நானும் வாறன்" என்றேன். திரும்பினோம். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை, பொம்மர் வந்தது. குண்டு கந்தோருக்குப் பின் தெருவில் விழுந்தது. மற்ற நாள் போய்ப் பார்த்தால் கூரை மரம் ஒன்று என் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நான் இருக்கிற மாதிரியே, ஒரு பக்கம் சரிந்து.

அந்தக் கதையை ஊரில் பரப்பியவன் நான் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் நோவு வந்து, பின்னாலேயே பொம்மரும் வந்தபோது என் உதவி ஒருவருக்கும் தேவைப்படவில்லை. விடிந்தால் சபா அண்ணையின் படலையில் ஆட்கள். பொன்னுத்துரை தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மிஷினை, அதன் மூக்கில் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்புவதற்கு முன் வந்து கேட்பார்: "அண்ணை, எப்பிடி?" சந்தைக்குப் போகிறவர்கள், பள்ளிக்குப் பிள்ளை அனுப்புகிறவர்கள், கலியாணத்துக்குப் பந்தல் போடுகிறவர்கள், எல்லோருக்கும் அதே கேள்வி. குருநகரிலிருந்து எங்கள் கந்தோருக்கு வருகிற பிலோமினா, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து, அதற்குப் பிறகும் ஒருமுறை அவருடைய காலைப் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பாள். அவர் பாவம், வேட்டியை மடித்துக் கட்டி நடந்து காட்டுவார். நொண்டினால் ஊர் பங்கர்க் குழிக்குள். நொண்டாவிட்டால் ஊர் தோட்டத்தில்.

"முழங்காலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உம்மடை நாக்கு மாதிரி இல்லை" என்று என்னிடம் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் நோவு வரும் நாளில் அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஆள் கத்துகிற நோவு. ஊருக்குக் கேட்கக்கூடாதென்று துவாயை வாயில் வைத்துக் கடிப்பார். மணி அக்கா பக்கத்தில் இருந்து எண்ணெய் பூசிக்கொண்டு அழுவா.

இந்த நிலையில்தான் பரிஸ் நகரத்திலிருக்கும் மணி அக்காவின் தம்பி பெடல் அனுப்பினான். அங்கே சைக்கிள் ஓட்டப் போட்டிக்குப் போகிறவன். கிளாலிக் கடலால் படகில் வந்த ஒருவர் உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். சோதனைச் சாவடியில் இரும்பும் சுருள்வில்லுமாக இருந்ததைக் கண்டு ஆளை இருத்தி எழுப்பியிருக்கிறார்கள். "கால் வைக்கிற சாமான்" என்று சொல்லிச் சொல்லி மூச்சு வாங்கி வந்து சேர்ந்தார்.

இரண்டு சோடி பெடல், ஒரு சோடி சப்பாத்து. சப்பாத்தின் அடியில் பூட்டுகிற தகடு, ஒவ்வொரு பெடல் சோடிக்கும் வேறுவேறு. அதைப் பெடலில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று கதவுக்குத் திறாங்கு போட்டதுபோல் பூட்டிக்கொள்ளும். கழற்றுவதற்குக் குதிக்காலை வெளியே திருப்ப வேண்டும், திரும்பவும் 'டக்'. ஒரு சோடி காலைப் பூட்டினால் அசையவிடாது, பட்டாளத்தான் மாதிரி நேரே நிறுத்தும். மற்றச் சோடி பூட்டினாலும் குதிக்காலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடவிடும். "கதிரை நுனியிலை இருத்தி, காலைத் தொங்கவிட்டுப் பாருங்கோ. விரல் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் பாக்க விடுற பெடல்தான் முழங்காலுக்கு நல்லது" என்று தம்பி சொல்லி அனுப்பியிருந்தான்.

தொங்கவிட்டுப் பார்த்தோம். வலது கால் மானிப்பாயைப் பார்த்தது. எந்தச் சோடி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பொன்னுத்துரை இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு படலையடிக்கு வந்துவிட்டார்.

"சபா அண்ணை, உதைப் பூட்டாதையுங்கோ."

"ஏனடாப்பா?"

"நோவு நிண்டிட்டா எங்களுக்கு ஆர் சொல்லுறது?"

பேசியது மணி அக்கா. அந்த மனுஷி உரத்துக் கதைத்து அன்றைக்குத்தான் கேட்டேன். "ஊரின்ரை உயிரை எல்லாம் கொண்டுவந்து என்ரை மனுசன்ரை முழங்காலிலையோ கட்டி வைச்சிருக்கிறியள்? அவர் ஆர், கோயில் மணியோ, அடிச்சு அடிச்சுக் கேக்க?" அக்கா தானே குறடு ஒன்றை எடுத்துத் தந்து ஆடுகிற சோடியைப் பூட்டச் சொன்னா. பூட்டினவன் நான்.

பழகும்வரை சிரிப்பாகத்தான் இருந்தது. நல்லூர் கோயில் வீதியில் நிற்பாட்ட நினைத்தவர் குதிக்காலைத் திருப்ப மறந்து, சைக்கிளோடு சேர்ந்து மரம் சாய்வதுபோல மெல்ல மெல்லச் சாய்ந்தார். கால் இரண்டும் பெடலிலேயே. கோயிலைப் பார்த்து அப்படி விழுந்தவரைக் கண்ட ஒரு அம்மா, "எவ்வளவு பக்தி" என்று கையெடுத்துக் கும்பிட்டா. நான் சிரித்துச் சிரித்து என் சைக்கிளிலிருந்து விழுந்தேன். என்னை யாரும் கும்பிடவில்லை.

முழங்கால் அடங்கிவிட்டது. சபா அண்ணை சீட்டியடித்துக்கொண்டு உழக்கினார். எதிர்க்காற்றில் என்னை முந்தினார். ஊர்தான் சத்தமில்லாமல் போனது. படலைக்கு யாரும் வருவதில்லை. வீதியில் காண்பவர்கள் அவருடைய காலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புவார்கள். விடிகாலை ஒழுங்கையில் அந்த 'டக்' கேட்டால் வேலிக்குப் பின்னால் பேச்சு நின்றுவிடும்.

பிறகு ஒருநாள் பொம்மர் வந்தது. முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. குண்டு பொன்னுத்துரையின் தோட்டக் கிணற்றில் விழுந்தது. பொன்னுத்துரை அப்போது வாழைக்கு அப்பால் நின்றதால் தப்பினார், கட்டியிருந்த மாடு தப்பவில்லை. கிணற்றைப் பார்க்க நாங்கள் எல்லோரும் போனோம். மண்ணால் மூடுண்ட கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது, யாரோ உள்ளே இருந்து கதைக்கப் பார்ப்பதுபோல. சபா அண்ணையை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மற்ற நாள் காலை அவருடைய சைக்கிளடியில் நான் குனிந்து பார்த்தேன். இடது பக்கம் ஆடுகிற பெடல். வலது பக்கம் ஆடாத பெடல். வலது சப்பாத்தின் தகட்டையும் மாற்றியிருந்தார்.

"என்னண்ணை உது? விசரோ? அக்காவுக்குத் தெரியுமோ?"

"இடது காலுக்குச் சுகம். வலது காலுக்கு ஊர்" என்றார். "ஏறும், நேரமாச்சு."

அவர் சொன்னவற்றில் நான் பகிடி பண்ணாமல் விட்டது அந்த ஒன்றுதான். மானிப்பாயைப் பார்த்த காலை நேரே பூட்டி, கடைசிவரை உழக்கினார். மணி அக்கா பிறகு அதைப் பற்றிக் கதைத்ததில்லை. எண்ணெய்ச் சட்டியை மட்டும் அடுப்பிலிருந்து இறக்குவதில்லை.

காய்ச்சலில் படுத்தார், இருதயம் நின்றது என்று டொக்டர் சொன்னார். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் பார்த்ததை இனி எழுதுகிறேன், பொய் என்றால் அங்கு நின்றவர்கள் சொல்லட்டும். வழக்கப்படி இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் நூல் அவிழ்ந்து வலது பாதம் வெளியே திரும்பியிருந்தது. திரும்பக் கட்டினார்கள். திரும்பவும் அவிழ்ந்தது. பொன்னுத்துரை மண்டியிட்டு இரட்டை நூலால் இறுக்கிக் கட்டினார். பறைமேளம் ஓய்ந்த ஒரு இடைவெளியில், சுவரில் சாத்தியிருந்த சைக்கிளிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். வெயில் பட்டால் இரும்பு சத்தம் போடும் என்பது எனக்கும் தெரியும். திரும்பிப் பார்த்தால் நூல் கீழே கிடந்தது. பாதம் மானிப்பாயைப் பார்த்தது.

பொன்னுத்துரை மறுபடியும் நூலை எடுத்தார். மணி அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டா.

"விடு தம்பி. இனியாவது அவரின்ரை காலை அதின்ரை பாட்டிலை விடு."

கட்டாமல்தான் கொண்டுபோனோம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டு, "உமக்கு எந்தப் பெடல் வேணும்? ரெண்டிலை ஒரு சோடியை எடும்" என்று சொன்னா. சப்பாத்தும் எனக்கு அளவு. படலையில் பொன்னுத்துரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன, சபா அண்ணையா? என் முழங்கால் இரண்டும் நல்ல முழங்கால். ஆடுகிற சோடியை எடுத்தேன். இரண்டு காலுக்கும் சுகம். பொன்னுத்துரையின் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான் என்று எழுதி முடிக்கத்தான் நினைத்திருந்தேன். இன்று காலை அந்தப் பெடலைப் பூட்டிக்கொண்டு தனியே கந்தோருக்குப் புறப்பட்டேன். கதைக்க ஆள் இல்லாததால் வாய் மூடியிருந்தது. இருபாலைச் சந்தியில் வலது முழங்காலுக்குள் யாரோ விரலை விட்டுத் திருகினதுபோல இருந்தது. பிறேக் பிடித்தேன். குதிக்காலைத் திருப்பினேன், 'டக்'. இறங்கி நின்றேன். வேர்த்துக் கொட்டியது. முழங்காலுக்கு நல்லது என்று பரிஸிலிருந்து வந்த பெடல்.

திரும்பினேன். வேறு என்ன செய்ய? தோட்டத்தடியில் பொன்னுத்துரை மிஷினுக்குப் பெற்றோல் விட்டுக்கொண்டிருந்தார். நான் நொண்டிக்கொண்டு சைக்கிளை உருட்டி வருவதைக் கண்டார். என்னைப் பற்றிப் பகிடி சொல்லாத மனிதர் அல்ல அவர். இன்றைக்கு என் வலது காலைத்தான் பார்த்தார். பெற்றோல் போத்தலை மூடி வைத்தார். வீட்டுப் பக்கம் திரும்பிப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருவராகப் பங்கருக்குள் இறக்கினார். அடுத்த வீட்டிலும் கூப்பிடுகிற குரல் கேட்டது. அதற்கடுத்த வீட்டிலும்.

நான் பங்கர் வாசலில் இருந்து இதை எழுதுகிறேன், சப்பாத்தைக் கழற்றாமல். இதுவரை ஒன்றும் வரவில்லை. நோவும் நிற்கவில்லை.