துரை ஜீப்பும் நான்கு எலுமிச்சம்பழங்களும்

அந்த ஜீப் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் நான் கிள்ளான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் என் துணிக்கொடியைக் காணவில்லை. கொடி இருந்த போர்ச்சில், பச்சைச் சாயம் பாதி உரிந்துபோன ஒரு பெரிய இரும்புப் பெட்டி நிற்கிறது. இழுத்து வந்து போட்ட லோரிக்காரர், நான் வருவதற்குள் போய்விட்டார். புத்திசாலி. என் கணவர் மட்டும் அதன் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த மனிதரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓட வைப்போம்லா," என்றார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவருக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே அலுவலகத்தில் கிராணி வேலை. கோப்புகளை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குத் தள்ளிப் பழகிய கை. வீட்டில் பல்பு மாற்றுவதற்கே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவர், எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கப் போகிறாராம்.

ஆனால் அது ஏதோ ஒரு ஜீப் இல்லை. பந்திங் பக்கத்தில் என் மாமனார் காலமெல்லாம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த எஸ்டேட்டின் துரை ஜீப். செம்மண் சாலையில் அது வருகிற சத்தம் கேட்டாலே ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கி, தலைத்துண்டை எடுத்துவிட்டு, கால்வாய் ஓரமாக நிற்க வேண்டும். துரை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. மாமாவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என் கணவரும் சின்ன வயதில் அந்தப் புழுதியைத் தின்றிருக்கிறார். வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போன பிறகு ஜீப், ஸ்டோருக்குப் பின்னால் லாலாங் புல்லுக்குள் கிடந்தது. அதைத்தான் இவர் போய்க் கேட்டு எடுத்து வந்திருக்கிறார்.

"அப்பா இதுல முன்னால உக்காந்து எஸ்டேட் கோயில் திருவிழாவுக்குப் போகணும். அன்னிக்கு ஓரமா நின்னவங்கல்லாம் பாக்கணும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவருக்கு இப்பவே மூச்சு வாங்குது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு என்னால விட முடியாது."

சொல்ல வேண்டியதை எல்லாம் அவர் வேலைக்குப் போன பிறகு ஜீப்பைப் பார்த்துச் சொன்னேன்.

மாமா வெளியே வந்து ஜீப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "இத எதுக்குடா வாங்குன?" என்று கேட்டுவிட்டு, சாயங்காலக் காற்றுக்கு உட்காரத் தன் நாற்காலியைத் தேடினார். அது சமையலறை வாசலுக்கு இடம் மாறியிருந்தது. துரைக்கு இடம் விட்டு இவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். இதை நான் என் கணவரிடம் சுட்டிக்காட்டினேன். அவர் காதில் விழவில்லை, தலை பானெட்டுக்குள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அலுவலக நண்பர்கள் வந்துவிடுவார்கள். ஜீப் சபை என்று அதற்கு நான் பெயர் வைத்திருந்தேன். தே தாரிக் டீ வைத்தால் கார்புரேட்டர் என்பார்கள், கூட வடையும் வைத்தால் கேஸ்கெட் என்பார்கள். ஆளுக்கொன்றைக் கழற்றுவார்கள். கழற்றுவதற்கு எங்கள் வீட்டில் ஆள் பஞ்சம் இருந்ததே இல்லை. மாட்டுகிற நேரம் வந்தால்தான் எல்லாருக்கும் மாமியார் வீட்டு ஞாபகம் வந்துவிடும். எல்லாம் பூட்டி முடித்த பிறகும் ஏழெட்டு நட்டு மிஞ்சிக் கிடக்கும். "அது உபரி," என்பார் என் கணவர். உபரியை எல்லாம் என் கடுகு டப்பாவில் போட்டு வைத்தார்.

சனிக்கிழமைகளில் சுங்கை வே பழைய இரும்புக் கடைகளில் அலைந்துவிட்டு, துருப்பிடித்த எதையாவது கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வருவார். கார்புரேட்டர் என் இட்லிப் பானையில் மண்ணெண்ணெய்க் குளியல் போட்டது. பெட்ரோல் வடிகட்ட என் இட்லித் துணி போயிற்று. ஒரு நாள் சாம்பாரை வாயில் வைத்த எனக்கே குமட்டியது. மாமா நிதானமாகச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்.

"இன்னிக்கு சாம்பார்ல பவர் ஜாஸ்திம்மா," என்றார்.

இப்படியே மாதங்கள் ஓடி, ஒரு நாள் அந்தச் சனியன் இருமியது, தும்மியது, பிறகு நிஜமாகவே ஓட ஆரம்பித்தது. தெருவெல்லாம் புகை. எதிர்வீட்டு ஆன்டியின் வெள்ளைப் படுக்கை விரிப்பு சாம்பல் நிறமானது. என் கணவர் கரிக்கையோடு உள்ளே ஓடிவந்து மாமாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய்க் காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் கண் கலங்கியது. பாதி புகையால், பாதி நிஜமாகவே.

திருவிழா நெருங்கும்போது பின்பக்கத்தில் ஏதோ கடகடத்தது. எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் நீண்ட இரும்பு ராட்டின் மூட்டு தேய்ந்துவிட்டதாம். ராட்டைக் கழற்றிக் கொண்டுவந்து, நடு வீட்டில் சாமி மாடத்துக்கும் டீவிக்கும் இடையே பேப்பர் விரித்துக் கிடத்தினார். மாற்று மூட்டு இன்று வரும், நாளை வரும் என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். தினமும் என் கால் விரல் அந்த ராட்டில் இடித்தது.

"இது இல்லாம எப்படிங்க வண்டி போகும்?"

"முன் சக்கரமே இழுக்கும். உள்ள ஒரு மஞ்சக் குமிழ் இருக்கு, அத அமுக்குனா போதும். கிளம்புறப்ப அமுக்கிக்கலாம். நிறுத்தி வைக்கிறதுலதான் கஷ்டம். ஹேண்ட் பிரேக் இந்த ராட்டைத்தான் புடிக்கும். ராட்டே இல்ல, அப்புறம் எதைப் புடிக்கும்? அதுவரைக்கும் செங்கல்தான் பிரேக்."

என் கறிவேப்பிலைப் பாத்தியைச் சுற்றியிருந்த செங்கற்கள் பெயர்ந்து சக்கரங்களுக்கு அடியில் போயின. இதை எனக்கு விளக்கிச் சொன்னவர் அவர்தான். நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன்.

திருவிழா நாள் விடிந்தது. பூஜை போடாமல் வண்டியைத் தெருவில் இறக்கும் தமிழன் இந்த ஊரில் உண்டா? சபை முழுவதும் சலவை வேட்டியில் வந்து நின்றது. என் கணவர் மட்டும் விடியற்காலையிலிருந்து எஞ்சினுக்குள் கிடந்துவிட்டு, எத்தனை கழுவியும் போகாத கரிக்கையோடு வந்தார். ஜீப்பைத் தள்ளி வெளியே கொண்டுவந்து, சாலையோரம், சரிவைப் பார்த்து நிறுத்திச் செங்கல் கொடுத்தார்கள். எங்கள் தெரு மேட்டிலிருந்து நேராக மூலை வீட்டு வேலி வரைக்கும் இறங்கும். பானெட்டில் சந்தனம், குங்குமம், பெரிய மாலை. மாமாவுக்கும் ஒரு மாலை. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக அவர் ஸ்டூலில் கால் வைத்து, மூச்சு வாங்க, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என் கணவர் கதவைச் சாத்திவிட்டுக் கைகூப்பினார். சாமிக்கா அப்பாவுக்கா என்று தெரியவில்லை.

பக்கத்துக் கோயில் பூசாரி தட்டில் எலுமிச்சம்பழங்களோடு குனிந்து பார்த்தார். "சக்கரத்துக்கு அடியில பழம் வைக்கணும். இதென்ன கல்லு? எடுங்க."

சபைக்குப் பக்தி பொங்கியது. ஆளுக்கொரு சக்கரத்திடம் ஓடினார்கள். நட்டைக் கழற்றுவதில் இருந்த அதே சுறுசுறுப்பு. முன் சக்கரக் கல்லை என் கணவரே எடுத்து, கண்ணில் ஒற்றி ஓரமாக வைத்தார். செங்கல்லைக் கண்ணில் ஒற்றிய ஒரே ரயில்வே கிராணி இவராகத்தான் இருக்கும். கல் இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வந்தது. நான் ஆரத்தித் தட்டோடு நின்றேன்.

"என்னங்க, அந்தக் கல்லு..."

"பூஜை நேரத்துல பேசாத."

கொஞ்ச நேரம் அத்தனை பெரிய வண்டி நான்கு எலுமிச்சம்பழங்களின் மேல் நின்றது. கற்பூரம் ஏற்றியபோதும் நின்றது. பிறகு பழங்கள் மெதுவாக நசுங்கின. ஜீப் புறப்பட்டது.

சத்தமே இல்லை. எஞ்சின் ஓடவில்லை, ஓட்ட ஆள் இல்லை, மாமா மட்டும் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். நேரத்துக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்த பூசாரி மணியை இன்னும் பலமாக ஆட்டினார். "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டு என் கணவர் பின்னால் ஓட, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சபையும் ஓடியது. நான் தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

சாலையில் பாசாருக்குப் போய் வந்த பெண்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். எதிரே சைக்கிளில் மேடு ஏறி வந்த ஒருவர் பார்த்தார், இறங்கினார், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு லோங்காங் கால்வாய் ஓரமாக நின்றார். மாமா முன்கம்பியை ஒரு கையால் பிடித்து, மறு கையை வெளியே நீட்டி எல்லாரையும் விலகச் சொன்னார். பின்னாலிருந்து பார்த்தால் வணக்கத்தை ஏற்றுக்கொண்டு போவதைப் போலவே இருந்தது. தலை மட்டும் இந்தப் பக்கமும் திரும்பவில்லை, அந்தப் பக்கமும் திரும்பவில்லை.

மூலை வீட்டுச் செம்பருத்தி வேலிக்குள் மூக்கை நுழைத்து, ஒரு சக்கரத்தைக் கால்வாயில் விட்டு, ஜீப் நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமா அப்படியே உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றும் இல்லை.

"எறங்க முடியல. அந்த ஸ்டூலக் கொண்டாங்க," என்றார்.

என் கணவர் கால்வாய்க் கட்டையில் உட்கார்ந்து, முகத்தைக் கரிக்கையால் மூடிக்கொண்டு அழுதார். அத்தனை மாதங்களாகச் சேர்த்து வைத்த வசவெல்லாம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இட்லிப் பானையிலிருந்து ஆரம்பிப்பதாகத் திட்டம். ஆனால் அந்த மனிதர் அழுவதைப் பார்த்ததும் திட்டத்தை ஒத்திப்போட்டேன். போய் டாக்சி பிடித்து வந்தேன்.

டாக்சி எங்களைப் பந்திங் கொண்டுபோய்ச் சேர்த்தது. எஸ்டேட் கோயில் பந்தலில் மாமாவோடு பால் வெட்டுக்குப் போன பழைய ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அன்று கால்வாய் ஓரமாக நின்றவர்கள். மாமாவுக்கு நடுவில் இடம் விட்டார்கள்.

"எதுலடா வந்த?" என்றார் ஒருவர்.

"துரை ஜீப்புல. முன் சீட்டுல உக்காந்து வந்தேன்."

என் கணவர் தலையைக் குனிந்து நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டினார்.

"ஜீப்பக் காணோமே?"

"வழியில நிறுத்திட்டு வந்துட்டோம். ரோடெல்லாம் சனம். ஒருத்தன் சைக்கிள விட்டு எறங்கியே நின்னான்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. நானே சாட்சி.

"உக்காந்தா எப்படி இருந்துச்சு? துரை மாதிரி இருந்துச்சா?"

மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "அவன் ஒரு நாளும் நம்ம பக்கம் திரும்பிப் பாத்ததில்ல, ஞாபகம் இருக்கா? திமிருன்னு நெனச்சோம்."

"திமிருதான்."

"திமிரு இல்லடா. பிரேக் இருந்திருக்காது."

சிரிப்பு வெடித்தது. வாழ்நாளெல்லாம் ஓரமாக நின்ற கிழவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். மாமாவுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. என் கணவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், சிரித்தபடியே மாமாவின் முதுகைத் தடவிக் கொடுத்தார். வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்புக் கறுப்பாக அவர் கை பதிந்தது. துவைக்கப் போவது நான்தான். பார்த்துக்கொண்டே இருந்தேன்.