சிவப்பு மூடி டப்பாவில் இருந்த பொடி

எங்கள் ஊருக்குக் கரண்டு இழுத்த சமயம். என் வீட்டுக்காரர் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறி, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு லோடு ஏற்றப் போவார். அவருக்கு வயிறு ஒரு நாள் கட்டிக்கொள்ளும், மறுநாள் நிற்காமல் போகும். முந்திரிக்காடு வந்தால் கண்டக்டர் கேட்காமலே விசில் ஊதி பஸ்ஸை நிறுத்துவாராம்.

அதற்கு மருந்து என் ஓரகத்தியிடம் இருந்தது. அவருடைய அண்ணன் சம்சாரம். ஒரே வாசல், அடுப்பு மட்டும் இரண்டு. சுண்டை வற்றல், வேப்பம்பூ, ஓமம், சுக்கு எல்லாம் வறுத்து இடித்து, சிவப்பு மூடி போட்ட டப்பாவில் கொடுப்பாள். முதல் உருண்டை சோற்றில் அந்தப் பொடியும் நல்லெண்ணெயும். அதைத் தின்றுவிட்டு, "அண்ணி பொடி இருந்தாத்தான் சோறே எறங்குது" என்பார். ரசம் ஊற்றிக்கொண்டு நிற்பவள் நான்.

அவள் வறுப்பதைக் குட்டைச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஓமத்தை மட்டும் சட்டியை இறக்கிய பிறகு, இருக்கிற சூட்டில் போட்டாள். அப்படியே நானும் செய்து கிண்ணத்தில் வைத்தேன். கசக்கிறது என்று ஒதுக்கிவிட்டார். சிவப்பு மூடி டப்பா காலியானதும் அதே பொடியை அதில் கொட்டினேன். முகம் சுளிக்கவில்லை. இரண்டு மூன்று மாதம், பஸ் எங்கும் நிற்கவில்லை. புகழ்ச்சி மட்டும் அடுத்த அடுப்புக்குப் போனது.

ஒரு நாள் ஓரகத்தி வந்திருந்தபோது, இந்தத் தடவை பொடி பிரமாதம் என்று அவளிடமே சொன்னார். அவள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஆமா தம்பி, ஓமம் கொஞ்சம் கூடப் போட்டுட்டேன்" என்றாள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நல்ல பெயரும் அவளுக்கு, பெரிய மனசும் அவளுக்கே என்று ஆகிவிட்டது.

மறுநாள் சுவரைப் பார்த்துக்கொண்டே அவரிடம் சொன்னேன். "அது நான் இடிச்சதுங்க. மூணு மாசமா நான்தான்."

தட்டில் இருந்ததைத் தின்றுவிட்டுப் போனார். அன்றைக்கு முந்திரிக்காட்டில் பஸ் இரண்டு தடவை நின்றதாம். அதே டப்பா, அதே பொடி.

அடுத்த தடவை இடித்ததும் டப்பாவை ஓரகத்தியிடம் நீட்டினேன். "நீங்களே கொண்டாந்து குடுங்கக்கா."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்காமல் வாங்கிக்கொண்டாள். அதற்கும் எனக்கு எரிந்தது.