மாறிவிட்டேன் என்று சொன்ன பொய்

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ஆண்கள் மீதுதான் எனக்கு ஆசை வருகிறது என்று எங்கள் சபைப் போதகரிடம் அழுதுகொண்டே சொன்னேன். நாற்பது நாள் உபவாசம் இருக்கச் சொல்லி, தினமும் தலையில் கைவைத்து ஜெபித்தார். உடம்புதான் இளைத்தது. கடைசி நாளில் அவர் ஆவலோடு என் முகத்தைப் பார்த்தபோது, "மாறிட்டேன், ஐயா" என்றேன்.

அதை அவர் நம்பிவிட்டார். சில மாதங்கள் கழித்து, என்னைப் போலவே தவித்த ஓர் ஆசிரியரை யான் என்ற ஊரிலிருந்து என்னிடம் அனுப்பினார். ஜெபக்கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம்.

"அண்ணே, உண்மையாவே போயிருச்சா? எனக்குப் போகவே மாட்டேங்குதுலா."

உண்மை என் தொண்டை வரை வந்தது. ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன்.

"போயிருச்சு தம்பி. இன்னும் நல்லா ஜெபம் பண்ணுங்க."

"அப்ப என்கிட்டதான் ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

பிறகு அவர் வேலையை விட்டுப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்குக் கடைசிவரை துணை அமையவில்லை. அது பழகிவிட்டது. ஆனால் "எனக்கும் போகல" என்று அன்று சொல்லியிருந்தால், அவராவது தன்னை மட்டும் நொந்துகொண்டு திரும்பியிருக்க மாட்டார்.