கழுவாத இடது கால்

சர்க்கரை நோயால் என் வலது கால் பெருவிரலில் புண். புண்ணில் போட்ட கட்டைச் சரியாக மாற்றாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குனியவே சிரமப்படும் நான், கதவைச் சாத்திக்கொண்டு நானே கட்டிக்கொண்டேன். "குடுங்க, நான் கட்டுதேன்" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் விரட்டினேன். அந்தச் சீழை அவள் தொடுவதை என்னால் தாங்க முடியாது. இயேசு தொட்டுக் குணமாக்குவார் என்று ஜெபம் மட்டும் குறைவில்லாமல் செய்தேன்.

இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாகப் பெரிய வியாழனன்று கோயிலில் நடக்கும் சடங்குக்கு, பங்குச் சாமியார் என்னையும் பன்னிரண்டு பேரில் ஒருவனாகச் சேர்த்துவிட்டார். அவர் வலது காலைத்தான் கழுவுவார். அதனால் வீட்டிலேயே அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். உட்கார்ந்ததும் எண்ணிப் பார்த்தேன். மற்றப் பதினொரு பேரின் கால்களும் பளிச்சென்று இருந்தன. சாயப்பட்டறைக்காரரின் நகங்களில்கூட நீலம் குறைந்திருந்தது.

நான் கட்டுப் போட்ட காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டு இடது காலை நீட்டினேன். அதைக் கழுவிவிட்டு வர எனக்குத் தோன்றவே இல்லை. சாமியார் முழங்காலிட்டுத் தண்ணீர் ஊற்றினார். தாம்பாளத்தில் சேறாக இறங்கியது.

"மன்னிச்சிருங்க சாமி" என்றேன்.

நாங்கள் தெற்கேயிருந்து வந்தவர்கள்; அவர் இந்தப் பக்கத்துக்காரர். பெரியவர்களை அவரும் சாமி என்றுதான் அழைப்பார். "இப்பத்தானுங்க சாமி எனக்கு வேலையே கெடைச்சுது" என்றார் மெதுவாக. விரலிடுக்கெல்லாம் தேய்த்து, வெள்ளைப் பனியன் துணியால் துடைத்து, முத்தமிட்டார். பிறகு நாற்காலிக்கடியில் பார்த்தார்.

"அந்தக் கால யாருங்க பாக்கறாங்க?"

"நானே பாத்துக்கிடுதேன்."

"ஏனுங்க, ஊட்டுக்காரம்மா இருக்காங்கல்லோ?"

நான் அந்தக் காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டேன். அவர் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். தன் காலைக் கழுவ இயேசு குனிந்தபோது கூடாது என்று தடுத்த சீடரை நான் எத்தனையோ முறை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து வலது காலை நீட்டினேன். மனைவி நம்பவில்லை. "என்ன, சாமியார் ஏசினாரோ?" என்றபடி பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் கட்டை அவிழ்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இத இப்படியா கட்டுவாவ? பார்சல் கட்டுன மாதிரில்லா கட்டியிருக்கிய!"

விரல் தங்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் அவளிடம் காலை நீட்டுகிறேன். அது எனக்கு இன்னும் சுலபமாக வரவில்லை.