உட்கார முடிகிறதா என்று கேட்டார்கள்

குழுவில் எல்லோரும் சுகமா? வட்டவளையில் மழை விட்டதா? எங்கள் பக்கம் பஸ்ஸுக்குள்ளும் ஒழுகியது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று என் மனைவி செல்லத்தை மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்.

"ஓரிடத்தில் உட்கார முடியாமல் இருக்கிறீர்களா? இல்லை, சிலநேரம், எப்போதும்?"

"எப்பவும்தாங்க," என்றாள் செல்லம்.

டாக்டரம்மா முகம் மாறியது. "அப்ப வார்ட்டில வைச்சுத்தான் பாக்கவேணும்."

நான் குறுக்கிட்டேன். "டாக்டரம்மா, இவ தேயிலைக் கொழுந்து பறிக்கிறவங்க. மலையில உட்கார்ந்தா கங்காணி அரைப்பேரு போட்டுருவாரு, அரைச் சம்பளந்தான். அப்படிப் பார்த்தா தோட்டத்துப் பொம்பளைங்க அத்தனை பேரையும் வார்ட்டுல வைக்கணும்!"

அவர் சிரித்துவிட்டார். கேள்வியை மாற்றிக் கேட்டார்.

"சரி அம்மா, வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை, வீட்டில?"

தப்பித்தோம் என்று நானும் சிரித்தேன்.

செல்லம் சிரிக்கவில்லை. "அன்னைக்குத்தாங்க ரொம்ப. நெஞ்சுக்குள்ள யாரோ வெரட்டுற மாதிரி இருக்கும். இவரு தூங்குன பெறகு லயத்து வீட்டு வரிசையச் சுத்திச் சுத்தி நடப்பேன்."

பக்கத்தில் படுத்திருக்கிற எனக்குத் தெரியாது.

மருந்து தந்து அனுப்பினார்கள். பயம் மட்டும் இறங்கவில்லை. உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை எப்படி என்று நீங்களாவது கேட்டதுண்டா? கேட்டவர்கள் சொல்லுங்கள், ஏனென்றால் நான் இத்தனை வருஷமாக அவளிடம்...

தூங்காமல் படுத்திருக்கும் செல்லம் கேட்கிறாள்: "ஏங்க, கதவுக்குத் தாப்பா போட்டீங்களா?"