உதட்டில் ஒட்டும் பக்கம்

உள்ளறையிலிருந்து ‘சடக்’ என்று ஒரு சத்தம். தேநீர்க் குவளையோடு நெர்மீன் திடுக்கிட்டாள்.

“என்னக்கா உடைஞ்சுது?”

“ஒண்ணும் உடையலடி. பாப்பிரஸ் தாள் பலகையை விட்டுப் பிச்சுக்குது. பூச்சு காய்ஞ்சா உன்னை மாதிரித்தான், முறுக்கிக்கிட்டு நிக்கும்.”

“ஆமா, உன் கையில மாட்டினா யாருக்குத்தான் முறுக்கு வராது?”

இன்ஷிராஹ் சிரித்துக்கொண்டே எழுந்துபோனாள். கெய்ரோவில் நான்கு நாளாகப் புழுதிக் காற்று. ஷுப்ரா பகுதியின் அந்த மூன்றாம் மாடி வீட்டு ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் ஈரத்துணி திணித்திருந்தாள். ஒரு தூசி விழுந்தாலும் பூச்சு பாழ். சுருண்ட தாளின் பின்பக்கம் ஈரப்பஞ்சால் ஒற்றி, கனத்த பலகைக்கு அடியில் வைத்தாள். விளிம்பு ஒரு முடியளவு எழும்பினாலும் அச்சு இயந்திரத்தின் தலை அதில் இடித்துவிடும்.

அம்மா இறந்தபோது இன்ஷிராஹுக்குப் பதினாறு வயது, நெர்மீனுக்கு இரண்டு. பள்ளிக்கூடப் பையை மாட்டிய ஆணியில் பட்டறை மேலங்கி ஏறியது. பிரமிடு பார்க்க வருகிறவர்களுக்குக் கோரைத் தண்டில் செய்த பாப்பிரஸ் தாள் விற்கும் பட்டறை அது. அந்தக் கூலியில்தான் தங்கை ஓவியக் கல்லூரிக்குப் போனாள். பிறகு புகைப்படங்களைக் காகிதத்தில் அல்லாமல் துணியிலும் மரத்திலும் தகரத்திலும் அச்சிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இயந்திரம் அச்சிட்டுவிடும். ஆனால் மை நிற்க வேண்டுமே! மரம் மையைக் குடித்துவிடும். தகரம் துப்பிவிடும். துணியில் கசிந்து முகமே கலங்கிப்போகும். மரத்துக்குச் சுண்ணத்தூள் பசை நாலு பூச்சு, தகரத்துக்கு உப்புத்தாள் தேய்த்துச் சொரசொரப்பு, பாப்பிரஸுக்கு வெந்நீரில் கரைத்த ஜெலட்டின் என்று ஒன்பது வருடம் கை வெடிக்க வெடிக்கக் கண்டுபிடித்தவள் இன்ஷிராஹ்.

நெர்மீனின் முதல் பெரிய கண்காட்சி வெள்ளிக்கிழமை. அதற்கென்று இன்ஷிராஹ் ஒரு வாரமாக எலுமிச்சையும் எண்ணெயும் தேய்த்துக் கைகளைப் பதப்படுத்தியிருந்தாள். இஸ்திரி போட்ட நீல உடை கதவில் தொங்கியது. “பரப்புகள் தயாரித்தவர் இன்ஷிராஹ்” என்று கண்காட்சிக் கையேட்டில் ஒரு வரி வரும். அதுமட்டும் போதும் அவளுக்கு. தங்கை போன மாதமே வாக்குக் கொடுத்திருந்தாள்.

நெர்மீனின் பையிலிருந்து அந்தக் கையேடு நீட்டிக்கொண்டிருந்தது. இன்ஷிராஹ் உருவி எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

“ஃப்ளாரன்ஸ்ல தயாரான பரப்புகள்னு போட்டிருக்கே? அது எங்கேடி இருக்கு?”

நெர்மீன் குவளையைக் கீழே வைத்தாள். “இத்தாலிக்கா. கேலரிக்காரர்தான் போடச் சொன்னார். ஷுப்ராவுல ஒரு சமையலறையில பண்ணினதுன்னா எவன் வாங்குவான்?”

“என் பேரு?”

“பேருல என்னக்கா இருக்கு? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அப்புறம்… வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம். யாராச்சும் பேச்சுக் குடுத்தா நீ உளறிடுவே. உன் கையைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவாங்க.”

இன்ஷிராஹ் கைகளை மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“இரு, அச்சுக்குப் போற தாளையெல்லாம் எடுத்துட்டு வரேன்,” என்றாள்.

ஜெலட்டின் பூச்சு காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது. தாளின் மூலையை உதட்டில் வைத்தால் பூசிய பக்கம் லேசாக ஒட்டும். தங்கைக்கு அவள் கற்றுக்கொடுத்ததுதான். அதில் ஒரு சொட்டு நீர் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. மை ஏறும்போதுதான் வளையமாக எழும்பி நிற்கும். அதனால் பூச்சுக்குப் பக்கத்தில் அவள் தும்மக்கூட மாட்டாள்.

“லிப்ஸ்டிக் போட்டிருக்கேன்க்கா, தாள்ல பட்டுடும். நீயே பார்த்துக் குடுத்துடு,” என்றாள் நெர்மீன், கைப்பேசியைப் பார்த்தபடி.

இன்ஷிராஹ் ஒவ்வொரு தாளாக உதட்டில் வைத்து, பின்பக்க மூலையில் பென்சிலால் கோடு போட்டாள். கடைசியாக எல்லாவற்றிலும் பெரிய தாள். அதில் அம்மாவின் முகம் வரப்போகிறது. அம்மாவை நெர்மீனுக்கு ஞாபகமே இல்லை. அடையாள அட்டையிலிருந்த ஒரே படத்தை அக்காதான் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தாள்.

பூசிய பக்கம் உதட்டில் ஒட்டியது. முத்தம் கொடுத்த மாதிரி இருந்தது. தாளை மேஜையில் கிடத்திக் குனிந்தபோது, கண்ணீர் ஒரு சொட்டாகத் தாளின் நடுவே விழுந்தது. அம்மாவின் கன்னம் வரவேண்டிய இடம். பூச்சு அதை உடனே உறிஞ்சிக்கொண்டது.

“முடிஞ்சுதாக்கா? வண்டி நிக்குது.”

சொல்லிவிடலாம். இரண்டு நாள் கேட்டால் வேறு தாள் செய்துவிடலாம். இத்தனை வருடத்தில் கெட்ட தாள் ஒன்றைக்கூட அவள் கைமாற்றியதில்லை.

“முடிஞ்சுது,” என்று அட்டைக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தாள்.

“ஒரு வாரம் கழிச்சு வந்து பாருக்கா. கூட்டம் இருக்காது.” நெர்மீன் அவள் கன்னத்தில் உதடு படாமல் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

குதிகால் செருப்புச் சத்தம் தேயும்வரை நின்றிருந்து, இன்ஷிராஹ் கதவைச் சாத்தினாள்.